ஈரக்காற்றில் ஏறும் குரல்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் நடந்தால் சுக்கும் மிளகும் ஏலமும் மூக்கைத் தொடும். காயலை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் பழைய பண்டகசாலைகளில் சிலவற்றில் இன்னும் மலைச்சரக்கு இருக்கிறது. காலியாகிப்போன சில, 2012இல் கொச்சி-முசிரிஸ் பினாலே தொடங்கியதிலிருந்து ஓவியத்துக்கும் இசைக்கும் இடம் தருகின்றன. இந்த ஊர் சரக்கு வியாபாரிக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரே கவலைதான்: ஈரம். மிளகு நமத்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும், விலை போகாது. கடலோரத்தில் பியானோ வைத்திருப்பவருக்கும் அதே கவலை.

ஆனால் மேற்கத்திய ஓபரா பயிற்சி பெற்ற ஒரு சொப்ரானோ, அதாவது உச்சக் குரல், பாடகிக்கு இதே ஈரம் பெரிய உபகாரம் செய்கிறது. அவர் தொண்டைக்குள்ளும் செய்கிறது, தொண்டையை விட்டு வெளியே வந்த குரல் கடைசி வரிசைக்குப் போகும் வழியிலும் செய்கிறது. பாடகி ஒருவர், பியானோ ஒன்று, மைக் கிடையாது என்று மட்டாஞ்சேரியில் ஒரு கச்சேரி நடந்தால், மேடையில் இருக்கும் இருவரில் ஒருவரைக் கெடுத்து மற்றவரை வாழவைக்கும் காற்று அது. இரண்டும் ஏன் நடக்கின்றன என்பதை அறிந்தபிறகு எனக்கு இப்படிப்பட்ட கச்சேரிகளைக் கேட்கும் விதமே மாறிவிட்டது.

ஓபரா என்றாலே பெரிய அரங்கு, ஆர்கெஸ்ட்ரா, ஒப்பனை, கதை. பாடகியும் பியானோவும் மட்டும் தரும் பாட்டுக் கச்சேரி அதைவிட மிகச் சிறிய, மிக நெருக்கமான வடிவம். அதற்கு உயிர் கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் வியன்னாவின் ஃப்ரான்ஸ் ஷூபெர்ட். 31 வயதில் இறந்துபோனவர், அதற்குள் 600க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசை எழுதினார். 1814இல், 17 வயதில், கெதேயின் 'ஃபாவுஸ்ட்' நாடகத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொண்டார். கிரெட்சென் என்ற பெண் ராட்டையின் முன் உட்கார்ந்து காதலனை நினைத்துப் பாடுகிறாள். பியானோவின் வலக்கை ராட்டைச் சக்கரமாகச் சுழல்கிறது, இடக்கை மிதிக்கும் காலாகிறது. காதலன் தந்த முத்தம் நினைவுக்கு வந்ததும் சக்கரம் நின்றுவிடுகிறது. பிறகு தட்டுத்தடுமாறித் திரும்பவும் சுழலத் தொடங்குகிறது. பக்கவாத்தியம் என்று அந்தப் பியானோவைச் சொல்ல மனம் வராது. அது கதைக்குள் இன்னொரு பாத்திரம்.

இந்தக் கலையில் உலகம் அறிந்த இந்தியக் குரல் பாட்ரிசியா ரொசாரியோ. கோவாவைப் பூர்வீகமாகக் கொண்டவர், மும்பையில் பிறந்தவர், லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியில் பயின்றவர். ஆங்கில இசையமைப்பாளர் ஜான் டேவனர் இவர் குரலை மனத்தில் வைத்தே 30க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். கணவர் மார்க் ட்ரூப் பியானோ கலைஞர். இருவரும் சேர்ந்து 2009 முதல் இந்திய நகரங்களுக்கு வந்து இளம் பாடகர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். வெப்ப நாட்டு ஈரத்தில் பாடுவதும் பியானோ வாசிப்பதும் எப்படி என்று இந்தத் தம்பதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் பியானோவின் பாட்டைப் பார்க்கலாம். 88 கட்டைகளுக்குப் பின்னால் சுமார் 230 எஃகுத் தந்திகள். பெரிய கச்சேரிப் பியானோவில் அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 20 டன்னை நெருங்கும். அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். ஆனால் ஒலி பிறப்பது இரும்பில் அன்று. தந்திகளுக்கு அடியில், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் செய்த மெல்லிய ஒலிப்பலகை இருக்கிறது. தந்தியின் அதிர்வு ஒரு மரப்பாலம் வழியாக இந்தப் பலகைக்கு இறங்கி, பலகை முழுதும் அதிர்ந்து அறைக்காற்றை அசைக்கிறது.

மரம் வெட்டிய பிறகும் காற்றோடு தண்ணீர் வாங்கல் கொடுக்கல் வைத்திருக்கும். பலகை நடுவில் மிக இலேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும்படி செய்யப்பட்டது. ஈரத்தை உறிஞ்சும்போது இழைக்குக் குறுக்கே உப்பி அந்த வளைவு இன்னும் உயர்கிறது. பாலம் மேலே தள்ளப்படுகிறது, தந்திகள் இறுகுகின்றன, சுருதி ஏறுகிறது. எல்லாத் தந்திகளும் ஒரே அளவில் ஏறினால்கூடப் பரவாயில்லை, பாடகி கொஞ்சம் ஏற்றிப் பாடிவிடுவார். நடுப்பகுதியில் அதிகமாகவும் இரு ஓரங்களில் குறைவாகவும் ஏறுவதுதான் தொல்லை. பியானோ தனக்குத் தானே ஒத்துப்போகாத வாத்தியமாகிவிடும். கட்டைகளின் கம்பளித் துணி உப்பிக்கொண்டு, அழுத்திய கட்டை மேலே வராமல் ஒட்டிக்கொள்ளும். கடற்காற்றின் உப்பு தந்தியில் துரு ஏற்றும். பியானோவுக்குச் சௌகரியமான ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு. கொச்சியில் மழைக்காலத்தில் அது 80ஐத் தாண்டி நிற்கும். நம் கடற்கரை ஊர்களில் பியானோ உள்ள வீடுகளில் பெட்டிக்குள் சின்ன மின்விளக்கு ஒன்றை எரியவிட்டு வைப்பது இதனால்தான். அதன் சூடு உள்ளே இருக்கும் ஈரத்தைக் குறைக்கிறது.

மட்டாஞ்சேரி தன் சொந்தச் சங்கீதத்துக்கு ஆர்மோனியத்தைத் தேர்ந்துகொண்டதில் இதற்கும் பங்கு இருக்கும் என்று நான் நினைக்கிறேன். பாடகர் மெஹபூப் பாடிய ஊர் இது, கஜல் பாடகர் உம்பாயி பிறந்த ஊர் இது. மாடியறையில் பாய் விரித்து, ஆர்மோனியமும் தபலாவும் வைத்து விடிய விடியப் பாடும் பழக்கம் இங்கே வேர்விட்டது. ஆர்மோனியத்தில் சுருதி கொடுப்பது பித்தளை நாக்கு. பித்தளை தண்ணீர் குடிக்காது. துருத்தியின் தோல் பழுதாகலாம், சுருதி அசையாது.

இனி பாடகி. பெண்ணின் குரல்நாண்கள் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு சதை மடிப்புகள். சொப்ரானோ தன் உச்சமான மேல் 'சி'யைப் பிடிக்கும்போது அவை விநாடிக்கு 1046 முறை ஒன்றையொன்று தொட்டுப் பிரிகின்றன. நம் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன். ஐந்து கட்டை சுருதியில் பாடும் கர்நாடக இசைப் பாடகி தார ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டால் அது சுமார் 587 ஹெர்ட்ஸ். சபையில் கைதட்டல் எழும் இடம் அது. சொப்ரானோவின் மேல் 'சி' அதற்கும் மேலே கிட்டத்தட்ட இன்னொரு ஸ்தாயி தள்ளி நிற்கிறது.

ஐந்து விநாடி பிடித்து நிறுத்தும் ஒரு சுரத்தில் ஐயாயிரம் மோதல்கள். அந்த மடிப்புகளின் மேல் ஈரமான மெல்லிய சவ்வு உண்டு, அது அலைபாய்வதில்தான் குரல் உருவாகிறது. அது உலர்ந்தால் விறைத்துக்கொள்ளும், குரல் எழுப்ப நுரையீரல் அதிக அழுத்தம் கொடுக்க வேண்டிவரும். பாடுபவர் வாய்வழியாக, அவசரமாக, நிறையக் காற்று இழுக்கிறார். மூக்கில் கிடைக்கும் ஈரப்பதம் வாயில் கிடைக்காது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் சூடேற்றிய அரங்குகளின் வறண்ட காற்றில் பாடகிகள் தண்ணீர்க் குப்பியோடும் ஆவி பிடிக்கும் கருவியோடும் திரிவதற்குக் காரணம் இதுதான். மட்டாஞ்சேரியில் அந்த ஆவியை ஊரே கொடுக்கிறது.

அடுத்து, மைக் இல்லாமல் அந்தக் குரல் பியானோவைத் தாண்டி எப்படிக் கேட்கிறது? 1970களில் ஸ்டாக்ஹோமில் யோஹான் சுண்ட்பெரி என்ற ஆய்வாளர் ஓபரா ஆண்குரல்களை அலசி ஒரு விளக்கம் தந்தார். ஆர்கெஸ்ட்ராவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் அருகே வலுவாக இருந்து மேலே போகப்போகச் சரிகிறது. தேர்ந்த பாடகர் தொண்டைக்குழியின் வடிவை மாற்றி 3000 ஹெர்ட்ஸ் அருகே தன் ஒலிச் சக்தியைக் குவிக்கிறார். ஆர்கெஸ்ட்ரா வலுவிழந்த இடம் அது. மனிதக் காதின் துளையே 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்கிறது என்பதால் நமக்கு அந்த ஒலி கூர்மையாகக் கேட்கவும் செய்கிறது.

சொப்ரானோவின் உச்ச சுரங்களில் வேறு ஒரு வித்தை நடக்கிறது. வாயும் தொண்டையும் சேர்ந்த குழாய்க்குச் சில இயல்பான அதிர்வெண்கள் உண்டு. அவற்றில் முதலாவது, 'ஈ' என்னும்போது சுமார் 350 ஹெர்ட்ஸில் இருக்கும், 'ஆ' என்னும்போது 800, 900 வரை ஏறும். உயிரெழுத்தை உயிரெழுத்தாகக் காட்டுவதில் பெரும்பங்கு இதற்குத்தான். இப்போது பாடகி 700 ஹெர்ட்ஸ் சுரத்தில் 'ஈ' பாட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் 350இல் ஒலியைப் பெருக்கித் தரக் காத்திருக்கிறது, ஆனால் அவர் குரலில் 700க்குக் கீழே எதுவுமே இல்லை. அந்த உதவி வீணாகிறது. ஊஞ்சல் திரும்பி வரும் கணத்தில் தள்ளினால்தான் அது உயரும். அதுபோல குழாயின் அதிர்வெண்ணைக் குரலின் அதிர்வெண்ணுக்குக் கொண்டுவந்து பொருத்த வேண்டும். பாடகி தாடையைக் கீழே இறக்குகிறார். வாய் திறக்கத் திறக்கக் குழாயின் முதல் அதிர்வெண் ஏறி 700ஐத் தொடுகிறது. குரல் சட்டென்று பெருகுகிறது, தொண்டைக்குக் கூடுதல் உழைப்பு ஏதுமில்லாமல்.

சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோலிவோ, ஸ்மித், வுல்ஃப் மூவரும் 2004இல் 'நேச்சர்' இதழில் இதை நேரடி அளவீட்டோடு வெளியிட்டார்கள். பாடிக்கொண்டிருக்கும் பாடகியின் உதட்டருகே ஒரு செயற்கை ஒலியைச் செலுத்தி, அது எப்படித் திரும்புகிறது என்று பார்த்து, குழாயின் அதிர்வெண்ணை அந்தந்தக் கணத்திலேயே அளந்தார்கள். சுரம் ஏற ஏறக் குழாயும் கூடவே ஏறியது. ஆசிரியர்கள் பல தலைமுறைகளாக 'மேலே போகும்போது வாயைத் திற' என்று மட்டும் சொல்லிவந்ததன் கணக்கு அதுவாக இருந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. தாடை இறங்கியதும் 'ஈ', 'ஏ' பக்கம் போய் 'ஆ'வாகிவிடும். இப்போதே சொல்லிப் பாருங்கள், 'ஈ' என்று ஆரம்பித்துத் தாடையை மட்டும் இறக்குங்கள், எழுத்து நழுவுவது தெரியும். சொப்ரானோ உச்சத்தில் பாடும் சொல் யாருக்கும் புரிவதில்லை என்ற பழைய குறைக்குப் பதில் இங்கே இருக்கிறது. பாடகியின் அலட்சியம் என்று அதைச் சொல்வது பெரிய அநியாயம். எந்த மொழியில் பாடினாலும், தமிழில் பாடினாலும், அந்த உயரத்தில் சொல் கரையத்தான் செய்யும். ஷூபெர்ட் போன்றவர்கள் கதை சொல்லும் வரிகளைக் குரலின் நடுப்பகுதியில் வைத்து, உணர்ச்சி பொங்கும் இடத்துக்கு மட்டும் உச்சத்தை வைத்துக்கொண்டார்கள்.

மைக் இல்லாத காலம் நமக்கும் இருந்தது. நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் 27 வயதில் மறைந்தார். கொட்டகை நிறைந்த ஜனத்துக்கு முன் ஐந்து கட்டையில் அவர் பாடியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கே. பி. சுந்தராம்பாள் குரல் அந்தக் கொட்டகையில் உருவான குரல்தான். சுருதி உயர்ந்தால் ஒலியின் சக்தி காது அதிகம் உணரும் பகுதிக்கு நகர்கிறது, தூரத்துக்கும் கேட்கிறது. மைக் வந்தபின் நம் மேடைகளில் கட்டை படிப்படியாக இறங்கியது. நுணுக்கமான கமகங்களுக்கு அதனால் இடம் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் கொட்டகையின் கடைசி ஆள்வரை தன் உடம்பாலேயே எட்டிப்பிடித்த அந்தப் பாடும் முறை நம்மிடம் தொடரவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இப்போது பாடகியின் வாய்க்கும் கேட்பவர் காதுக்கும் நடுவில் இருக்கும் காற்றுக்கு வருவோம். இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்கவைத்த இடம் இதுதான். ஈரக்காற்று கனமானது, ஒலியை அமுக்கிவிடும் என்று நமக்குத் தோன்றும். நடப்பது நேர்மாறு. 15 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள உலர்காற்றில் 4000 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டர் போனால், காற்று மட்டுமே சுமார் 89 டெசிபலை விழுங்கிவிடும். 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், அதாவது மட்டாஞ்சேரிக் காற்றில், இழப்பு சுமார் 23 டெசிபல்தான்.

காரணம் ஆக்சிஜன் மூலக்கூறு. ஒலி அலை காற்றை நெருக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி, சக்தியில் ஒரு துளியை ஆக்சிஜன் தன் உள்ளதிர்வுக்குள் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை உடனே திருப்பிக் கொடுத்தால் அலைக்கு நட்டமில்லை. தாமதமாகக் கொடுத்தால், அலை அதற்குள் கடந்துபோயிருக்கும், அந்தச் சக்தி வெறும் வெப்பமாகிப்போகும். இந்தக் கொடுக்கல் வாங்கலை விரைவாக்குவது நீராவி மூலக்கூறு. உலர்காற்றில் இந்தத் தாமதம் சரியாகச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலிகளைப் பிடித்துக் கெடுக்கும் அளவில் இருக்கிறது. நீராவி மிகுந்த வெப்பக் காற்றில் பரிமாற்றம் அவ்வளவு வேகமாகிவிடுவதால், கெடும் பகுதி மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளப்படுகிறது. 1930களில் லாஸ் ஏஞ்சலிஸில் வெர்ன் நுட்சென் எதிரொலி அறைகளில் ஈரப்பதத்தை மாற்றி மாற்றி இதை அளந்தார். ஜெர்மனியின் க்னெசர் மூலக்கூறு விளக்கத்தைக் கொடுத்தார்.

கச்சேரி அறை ஒரு கிலோமீட்டர் நீளம் இல்லையே என்று கேட்கலாம். ஆனால் ஒலி சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி அலைகிறது. 30 டிகிரியில் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். ஒரு சுரம் மறைய இரண்டு விநாடி ஆகுமானால் அது 700 மீட்டர் பயணம். சொப்ரானோவின் மேல் 'சி'யோடு 2093, 3139, 4186 என்ற மேற்சுரங்களும் கூடவே பிறக்கின்றன. குரலின் பளபளப்பு இவற்றில்தான் இருக்கிறது. உலர்காற்று முதலில் கொல்வதும் இவற்றைத்தான்.

ஒரு காலிப் பண்டகசாலையை எடுத்துக் கணக்குப் போடலாம். 30 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்றால் 1800 கனமீட்டர். அமெரிக்காவில் ஹார்வர்டின் வாலஸ் சபைன் 1890களில் கண்ட விதி இருக்கிறது. ஒரு விரிவுரை அறையில் எதிரொலி தாங்கவில்லை என்று அவரிடம் சொன்னார்கள். அவர் இரவு இரவாகப் பக்கத்து அரங்கின் மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். சுக்கு மூட்டை நிறைந்த கிடங்கில் கைதட்டினால் ஒலி அப்படியே செத்துவிழும், மூட்டைகள் போன பிறகு தட்டினால் கூரைவரை முழங்கும். சபைன் மெத்தையில் கண்டதை இங்கே சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி தினமும் கேட்கிறார். சபைன் விதிப்படி நம் கிடங்கின் சுவர், தரை, கூரை சேர்ந்து 100 சதுரமீட்டர் உறிஞ்சுபரப்புக்கு, அதாவது பட்ட ஒலியை முழுதும் விழுங்கும் பரப்புக்கு, சமம் என்றால் சுரம் மறைய சுமார் மூன்று விநாடி ஆகும். 150 பேர் வந்து உட்கார்ந்தால் அது ஒன்றேமுக்கால் விநாடிக்குள் அடங்கும். பாட்டுக்கு நல்ல அளவு.

இதே அறையில் 4000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு மேலே சொன்ன உலர்காற்று, தான் மட்டுமே ஏறக்குறைய 150 சதுரமீட்டர் உறிஞ்சுபரப்பாக வேலை செய்யும். மட்டாஞ்சேரிக் காற்று 40 சதுரமீட்டர் அளவுக்குத்தான். வித்தியாசம், அறையில் கண்ணுக்குத் தெரியாத இருநூறு பேர் கூடுதலாக உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

கொச்சிக் கரைக்கு மைக் இல்லாத மேடைக்குரல் புதிதும் இல்லை. போர்த்துகீசியர் வருகைக்குப் பின் இந்தக் கரையின் லத்தீன் கத்தோலிக்கரிடையே வளர்ந்த சவிட்டுநாடகம், பாடிக்கொண்டே மரமேடையை மிதித்து ஆடும் இசைநாடகம். சார்லமேன் சக்கரவர்த்தியின் கதையான 'காரல்மான் சரிதம்' அதில் பெயர்பெற்றது. அதன் பாட்டுகள் தமிழ் கலந்தவை. தொடக்க ஆசிரியராக மரபு சொல்வது சின்னத்தம்பி அண்ணாவியை. யாழ்ப்பாணம், மன்னார் கத்தோலிக்கக் கூத்துகளைப் பார்த்தவர்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைத் தெரியும். ஐரோப்பிய வீரனின் உடையில், தமிழ் வரிகளைப் பாடியபடி, மேடை அதிர மிதிக்கும் அந்தக் கலைஞனுக்கு மூச்சும் குரலும் கூத்துக் களத்திலேயே பழகின. பலகையில் எழும் மிதியொலி தாழ்ந்த அதிர்வெண்களில் தங்கிவிடுகிறது. உச்சத்தில் ஏறும் பாட்டு அதற்கு மேலே தனியே கேட்கிறது. பியானோவுக்கும் சொப்ரானோவுக்கும் நடக்கும் பங்கீடு இதே வகைதான்.

எனவே மட்டாஞ்சேரியில் இப்படி ஒரு கச்சேரி வைப்பவர்களிடம் ஏசி வேண்டாம் என்றே சொல்வேன். அது ஈரத்தை உறிஞ்சிப் பாடகியின் தொண்டையை உலர்த்தும், தன் இரைச்சலால் மெல்லிய சுரங்களை மூடும். மைக்கும் வேண்டாம், பாட்டு நடக்கும்போது மின்விசிறியையும் நிறுத்திவிடலாம். வேர்க்கும், வேர்க்கட்டும். பியானோவை மட்டும் இரண்டு வாரம் முன்பே அந்தக் கிடங்குக்குள் கொண்டுவந்து அந்தக் காற்றுக்குப் பழகவிட வேண்டும். கச்சேரி எந்நேரமோ அந்நேரத்துக் காற்றில், கதவுகள் எப்படித் திறந்திருக்குமோ அப்படியே திறந்துவைத்து, டியூனர் சுருதி சேர்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு 50 கிராம் அளவுக்கு நீராவி வெளிவிடுகிறார். 150 பேர் என்றால் மணிக்கு ஏழு லிட்டருக்கு மேல். அதையும் பியானோ கொஞ்சம் குடிக்கும்.

ஆகவே இடைவேளையில் டியூனர் மறுபடியும் பியானோவின் மேல் குனிந்தால் தேநீரை விட்டுவிட்டு அருகில் போங்கள். நடு ஸ்தாயியில் ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று தந்தி. ஒன்று 440, இன்னொன்று 441 ஹெர்ட்ஸ் என்று விலகியிருந்தால் விநாடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். ஒரு தந்தியைக் கம்பளி ஆப்பால் அடக்கிவிட்டு, முளையைத் துளியளவு திருப்பி, அந்தத் துடிப்பு இரண்டு விநாடிக்கு ஒன்று, ஐந்து விநாடிக்கு ஒன்று என்று மெதுவாகி இல்லாமல் போகும்வரை அவர் கேட்பார். இரண்டாம் பாதியில் பாடகி தன் தாடையை எவ்வளவு இறக்குவது என்று உடம்பு முடிவுசெய்வது அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டுதான்.